ஒரு சுருளில் எழுபத்திரண்டு

போன மாதம் கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் ஒரே எண். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. என்ன வித்தியாசம் என்றேன். "இத நம்பி வாங்கலாம் சார்" என்றார். அப்படியானால் மற்றதை ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு, ரயிலில் வீடு வந்து சேரும்வரை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சந்தேகம் எனக்குப் பழையது. ஃபிலிம் சுருளிலிருந்து வந்தது.

எழுபதுகளின் கடைசி. பாய லேபார் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் நான் எழுத்தர். புக்கிட் மேராவில் வீடு, ஒன்பதாவது மாடி, அப்பா அம்மா அக்காவோடு. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் படம் எடுக்கத்தான். அப்போது சிங்கப்பூரில் ஃபிலிமை மூன்று விதமாக வாங்கலாம். சிராங்கூன் சாலைக் கடைகளில் பெட்டியோடு விற்பது முதல் விதம். முப்பத்தாறு என்று அச்சிட்டிருக்கும், முப்பத்தாறு இருக்கும், சமயத்தில் தாராளமாக முப்பத்தேழும் கிடைக்கும். அடுத்தது சுங்கை ரோட்டில், தரையில் விரித்த சாக்கின்மேல், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனது. காலாவதித் தேதியைச் சுரண்டியிருப்பார்கள். தேதியைவிடச் சுரண்டிய இடம் பளிச்சென்று தெரியும். மூன்றாவது, தகர டப்பாவில் நூறு அடியாக வரும் கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஒரு கறுப்புப் பைக்குள் கையை விட்டுத் தடவித் தடவி வெட்டி, பழைய உருளைகளில் சுற்றித் தருவது. விலை பாதிக்கும் கீழே. எத்தனை படம் என்பது சுற்றியவரின் மனசாட்சி.

எனக்குச் சுற்றித் தந்தவன் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த நண்பன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் அறை. கறுப்புப் பைக்குள் முழங்கைவரை நுழைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவனைப்போல உட்கார்ந்திருப்பான்.

"முப்பத்தாறு இருக்குமா?"

"இருக்கும்டா. இல்லன்னா முப்பத்தஞ்சு. அந்த ஒண்ணுல யார எடுக்கப் போற, மந்திரியவா?"

அந்த முப்பத்தாறு என் கையில் எழுபத்திரண்டு ஆகும். சுங்கை ரோட்டில் வாங்கிய என் கேமரா பாதிச் சட்டக் கேமரா. ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படம் பிடிக்கும், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, குறுகலாக, நெட்டுக்குத்தாக. முழுச் சட்டக் கேமரா வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிதாக்கினால் முகத்தில் மணல் கொட்டியதுபோல இருக்கும் என்றார்கள். இருந்தது. ஆனாலும் அதே சுருளில் இரண்டு பங்கு ஆட்கள், இரண்டு பங்கு மரங்கள், இரண்டு பங்கு ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாரும் முகம் பார்த்தபோது நான் எண்ணிக்கை பார்த்தேன்.

அந்த வருடம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பாடற்குழு சாங்கி கடற்கரைக்குச் சுற்றுலா போனது. அக்கா அந்தக் குழுவில் பாடுகிறவள். அவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். அதே கோயிலுக்குத் தோ பாயோவிலிருந்து வரும் குடும்பம். மாப்பிள்ளைக்கு அன்று வேலை, வரவில்லை. என் நண்பன் வந்தான். அவன் கத்தோலிக்கன் இல்லை, பாடவும் வராது. ஃபிலிம் சுற்றிக் கொடுத்த உரிமையில் வந்து, பிரியாணிக்காகத் தங்கினான்.

தூரத்தைக் கண்ணால் கணிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் மணலில் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து ஆறடி எண்ணி என் இடத்தைக் குறித்துக்கொண்டேன். எல்லாரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். நான் நகரமாட்டேன், கடல் நகராது, ஆள் மட்டும் மாறும். "பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு லா" என்று யாரோ கேலி செய்தார்கள்.

கழுவிப் பிரிண்ட் போட சிராங்கூன் சாலைப் பக்கச் சந்தில் ஒரு ஸ்டூடியோ. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகப் போட்டால் எழுபத்திரண்டு காகிதம். "ரெண்டு ரெண்டாச் சேத்துப் போட்டுர்றேன் தம்பி, காகிதம் பாதிதான் ஆகும்" என்றார் ஸ்டூடியோக்காரர். அவர் எதையாவது மறைக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சரி என்றேன். படங்கள் சோடி சோடியாக வந்தன, நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கோட்டில் கத்தரிக்கோலை ஓட்டி, பாதிகளைப் பிரித்து, ஆல்பத்தில் மூலைக் காகிதம் வைத்துத் தனித்தனியே ஒட்டினேன். சிக்கனம் வெளியே தெரியக்கூடாது அல்லவா.

ஒரே ஒரு சோடியை மட்டும் வெட்ட முடியவில்லை. கேமராவின் பல்சக்கரம் தேய்ந்து போயிருந்தது. அந்த ஓரிடத்தில் ஃபிலிம் சரியாக நகராமல் இரண்டு சட்டங்களும் உரசிக்கொண்டுவிட்டன. நடுவில் கோடே இல்லை. எங்கே வெட்டினாலும் அக்காவின் தோள் போகும். அதனால் முழுதாகவே ஒட்டிவிட்டேன்.

இடப்பக்கம் அக்கா. வலப்பக்கம், வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற என் நண்பன். பின்னால் ஒரே கடல், ஒரே அடிவானம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராக. அக்காவின் முந்தானை முடியும் இடத்தில் அவன் சட்டைக் கை தொடங்கியது.

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். எல்லாரையும் சந்தேகித்த நான் அந்தப் படத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. எடுத்தவன் நான்தானே.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார். யாரும் எழுந்ததில்லை. ஆனாலும் அந்தச் சின்ன மௌனத்தில் கோயிலே ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்க்கும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து கூடத்தில் காப்பி. என் ஆல்பம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. திரும்ப வந்தபோது ஒரு பக்கத்தில் மட்டும் படத்தின் மூலைக் காகிதம் ஒன்று கழன்றிருந்தது. யாரோ வெளியே எடுத்துப் பின்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகியிருந்தார்கள். எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அண்ணன் தனியாக வந்தார். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு இறக்கும் இடத்தில் மேற்பார்வையாளர், பெரிய உருவம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஓலை வாசிக்கிறது எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லணும்னுதானே. நாலு பேரு வந்து சொல்லிட்டாங்க. பொண்ணு ஒரு பையனோட தோளோட தோள் நின்னு போட்டோ எடுத்திருக்குன்னு."

"அது ரெண்டு படம் அண்ணே. சேத்துப் பிரிண்ட் போட்டது."

"ரெண்டு படம்னா நடுவுல கோடு இருக்கணும்னு நீங்களே கோயில்ல யார்கிட்டயோ சொன்னீங்களாமே. மத்தது எல்லாம் வெட்டி ஒட்டிருக்கு. இது மட்டும் ஏன் வெட்டல?"

என்னிடம் பதில் இருந்தது. தேய்ந்த பல்சக்கரம், உரசிய சட்டம், அக்காவின் தோள். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"நெகட்டிவ் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அத எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. என் அம்மா கண்ணால பாக்கணும். பாத்துட்டா முடிஞ்சுது. இல்லன்னா ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்லி ஃபாதர்கிட்ட பேச வேண்டியிருக்கும்."

அவர் லிஃப்ட் ஏறிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். "பாதி மிச்சம் பாதி மிச்சம்னு குதிச்சியே, இப்ப உங்கக்காவையும் பாதியாக்கிட்டியா?" அப்பா செய்தித்தாளின் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெகட்டிவ் உறை, வைத்த இடத்தில் இல்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்துக்கொண்டாரோ, நண்பன் கேட்டு வாங்கிப் போனானோ, கூடத்தில் காப்பி குடித்த நாலு பேரில் ஒருவரோ என்று ஒரு மணி நேரம் ஊரையே சந்தேகித்தேன். தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. வைத்தவன் நான்தான்.

வியாழக்கிழமை உறையையும் அந்தப் பிரிண்டையும் எடுத்துக்கொண்டு தோ பாயோ போனேன். மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அண்ணன் உறையிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்தார். ஸ்டூடியோவில் நெகட்டிவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தருவார்கள். அக்காவின் சட்டம் ஒரு துண்டின் முதல் சட்டமாக இருந்தது. சமையலறை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகங்கள் கறுப்பாக, தலைமுடி வெள்ளையாக, மனிதர்கள் தலைகீழ் நிறத்தில். உரசிய இடத்தில் நெகட்டிவிலும் கோடு இல்லை. அவருடைய அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணன் துண்டை வைத்துவிட்டுப் பிரிண்டை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். முகங்களை அல்ல, பின்னால் கடலை.

"அம்மா, இந்தக் கப்பல் தெரியுதா?"

"தெரியுது. அதுக்கென்ன? இங்கிட்டும் ஒண்ணு நிக்குது."

"அது இன்னொண்ணு இல்லம்மா. முன்னாடி கிரேன் சாஞ்சிருக்கு பாருங்க, இதுலயும் அதே சாய்வு. புகைக்கூண்டுல ரெண்டு பட்டை, இதுலயும் ரெண்டு பட்டை. நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல் இது. ஒரே கப்பல் ஒரே போட்டோல ரெண்டு இடத்துல எப்படி நிக்கும்?"

அம்மா படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு கப்பல், அக்காவின் இடத்தோளுக்குப் பின்னால். அதே கப்பல், என் நண்பனின் இடத்தோளுக்குப் பின்னால். நான் நகரவில்லை, கப்பலும் நகரவில்லை. அதை நூறு முறை பார்த்திருந்தும் நான் பார்க்கவில்லை. கப்பல் பார்த்துப் பிழைக்கிறவர் பார்த்துவிட்டார்.

"படம் ரெண்டுதான்" என்றார் அண்ணன், என் முதுகில் ஒன்று போட்டு. "காச மிச்சம் பண்றேன்னு அக்கா கல்யாணத்தையே மிச்சம் பண்ணிருப்பீங்க லா! இந்த உறை எங்ககிட்டயே இருக்கட்டும். வேற யாராவது வாயத் தொறந்தா மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்."

பிரிண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அன்று பிற்பகல், அந்தக் கப்பலை இன்னொரு முறை பார்க்கலாம் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெற்றி பெற்றவனின் சோம்பலோடு படத்தின்மேல் ஓட்டினேன். கப்பல். கிரேன். பட்டைகள். அப்புறம் அக்காவின் முகம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்தில்தான் வரிசை நின்றது, அதில் முதல் ஆளாக நண்பன். கண்ணாடியை நகர்த்தினேன். அவன் முகமும் என்னைப் பார்க்கவில்லை. இடப்பக்கம், நின்றுவிட்டு அக்கா விலகிப் போன பக்கம். சட்டங்கள் இரண்டு, நேரங்கள் இரண்டு, பார்வை மட்டும் ஒன்றா? ஊருக்கே இரண்டு படம் என்று சாதித்தவனுக்குள், காகிதத்தில் எண்ணெய்க் கறைபோலச் சந்தேகம் பரவியது.

அக்கா மறுநாள் வேலைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல யாரப் பாத்துச் சிரிக்கிற?"

"உன்னத்தான்."

"நான் நேரா நின்னேன். நீ பக்கத்துல பாக்கிற."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்தடா. உன் சிநேகிதரு, 'டேய் மூடி, மூடி'ன்னு கத்துனாரு. அதக் கேட்டுச் சிரிச்சேன். நீ மூடியப் பிடுங்கிப் பையில போட்டுட்டு மறுபடி எடுத்த. போதுமா?"

"எனக்கு ஞாபகமே இல்ல."

"உனக்கு எப்படி இருக்கும்? உன் தப்பு எது உனக்கு ஞாபகம் இருந்திருக்கு?" சட்டையைத் திருப்பிப் போட்டாள். "அவங்க வீட்டுல எல்லாரும் நம்பிட்டாங்க. இப்ப நீ ஒருத்தன்தான் பாக்கி."

நடக்கக்கூடியதுதான். அந்தக் கேமராவில் பார்க்கிற துளை வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் கண்ணுக்குக் கடல் தெரியும். அப்படியானால் அக்காவின் சட்டத்துக்கு முன்னால் ஒரு காலிச் சட்டம் இருக்க வேண்டும், ஒன்றும் பதியாமல், வெறும் கண்ணாடிபோல. அது முந்திய துண்டின் கடைசியில் இருக்கும். அந்தத் துண்டு தோ பாயோவில், உறைக்குள். காலிச் சட்டத்தை ஸ்டூடியோவில் பிரிண்ட் போடமாட்டார்கள்; பெட்டியில் வாங்கிய சுருளாக இருந்தால் பிரிண்டுகளை எண்ணினாலே ஒன்று குறைந்தது தெரிந்திருக்கும். இது கையால் சுற்றியது. மொத்தம் எத்தனை என்று சுற்றியவனுக்கே தெரியாது. முதன்முறையாக, பாதி விலையில் நான் வாங்காமல் விட்ட மறுபாதி எது என்று புரிந்தது.

மறுநாள் கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லாமல் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சாங்கில படம் எடுக்கறப்ப என்னமோ கத்துனியே, என்னது?"

"எப்ப? ஓ, மூடியா!" சிரிப்பில் அவன் கையிலிருந்த சரக்குச் சீட்டுக் கட்டு ஆடியது. "மூடியோட எடுத்துட்டு, சரி அடுத்த ஆள்னு வேற சொன்ன. உன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்."

அதே மூடி. அதே சொல். சந்தேகம் தீர்ந்ததா? இருவர் ஒரே மாதிரிச் சொன்னால் அது நடந்ததாலா, பேசி வைத்ததாலா? பதில் சீக்கிரம் வந்தது என்று ஒரு மனம் சொன்னது. தாமதமாக வந்திருந்தால் அதற்கும் அது ஏதாவது சொல்லியிருக்கும்.

"நீ ஏன் உன் போட்டோல அந்தப் பக்கம் பாத்த?"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"பிரியாணி அண்டா அங்கதானடா இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது. "எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான்."

"கல்யாணத்தன்னிக்கு எனக்கு வேலைடா. அக்காகிட்ட சொல்லிரு."

வேலைப் பட்டியல் அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வாரம் முழுக்க என் தலைக்குள் அந்த உறையே இருந்தது. சனிக்கிழமை தோ பாயோ பேருந்தில் ஏறிவிட்டேன். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. மற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

"வாங்க மச்சான். என்ன, நெகட்டிவ் வேணுமா?"

நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனின் மேசையிலிருந்து உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். டீ போட்டுக் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

உறையும் நானும். சன்னலில் நல்ல வெயில். உள்ளே கரண்டி கோப்பையில் இடிக்கும் சத்தம். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடிக்க எத்தனை நொடி வேண்டும்? உறையின் வாயைத் திறந்தேன். இரண்டு விரலால் துண்டுகளைப் பற்றிப் பாதிவரை இழுத்தேன். கரண்டிச் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை இரண்டு கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா மச்சான் அதுல?"

அந்த வீட்டில் எல்லாரும் பார்த்து முடித்ததை, பெண்ணின் சொந்தத் தம்பி வந்து மறுபடி பார்க்கிறான். எதற்கு என்று அவர் நினைக்கத் தொடங்கினால் மூன்றாம் ஓலைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. துண்டுகளை உள்ளே தள்ளினேன்.

"ஒண்ணும் இல்ல. சரியா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கும். அம்மா எண்ணி வெச்சிருக்காங்க." கோப்பையை நீட்டினார். "அண்ணன் உங்க வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல."

"பாக்கலியா? இவ்வளவு நடந்தும்?"

"எதுக்கு?" என்றார்.

உண்மையாகவே கேட்டார். டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு, உறையை அங்கேயே விட்டுவிட்டு, எழுந்தேன். பார்க்கவில்லை என்கிறாரே, எப்படிப் பார்க்காமல் இருப்பார் என்று இரண்டு நிறுத்தம்வரை யோசித்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் என்மீதே எரிச்சல் வந்து சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மூன்றாம் ஞாயிறு. அக்கா அன்று பாடற்குழுவோடு நிற்காமல் எங்கள் வரிசையில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கம். சாமியார் இருவர் பெயரையும் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்றார். நிறுத்தினார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது என்ன? ஒரு சிரிப்பு. ஒரு பிரியாணி அண்டா. நான் பார்க்காமல் விட்ட ஒரு சட்டம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, அப்படியே இருக்கட்டும் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

என் கழுத்து தானாகத் திரும்பியது. அக்கா செபப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முழங்கையால் என் விலாவில் ஓங்கி இடித்தாள்.

"முன்னால பாருடா."